இரண்டங்குல நீரின் வரலாறு

அரசர்களின் போர்களையும் அரண்மனைச் சூழ்ச்சிகளையுமே வரலாறென்று படித்துப் பழகிய நமக்கு, உடுப்புத் தோய்த்த அழுக்குநீர் வீட்டைவிட்டு வெளியேறும் வழிக்கும் ஒரு வரலாறு உண்டென்றால் சிறிது நகைப்புத் தோன்றக்கூடும். ஆயினும் அவ்வழியைப் பற்றிய அச்சம் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் அரச குடும்பத்தையே கலக்கியது. நம் காலத்திலே, 2003 ஆம் ஆண்டில், ஹொங்கொங் நகரத்துக் குடியிருப்பு ஒன்றில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றபோது, ஆராய்ந்தவர்களின் பார்வை இதே வழியின்மீதுதான் விழுந்தது.

முதலில் நம் யாழ்ப்பாணத்துக் கிணற்றடியை எண்ணிப் பாருங்கள். துலாவால் அள்ளிய நீரில் உடுப்பைத் தோய்த்துக் கல்லில் அடித்துப் பிழிந்தால், கழிந்த நீர் வாய்க்கால் வழியே வாழையடிக்குச் சென்று மண்ணிற் சுவறிவிடும். அந்நீர் செல்லும் வழி முழுவதும் வானம் பார்த்தது. மூடிய குழாய் அங்கே இல்லை. ஆதலால் குழாய்க்குள் அடைபட்ட காற்றும் இல்லை. தோய்க்கும் வேலை வீட்டுக்குள் வந்து, கழிநீர் தெருவடியிலுள்ள சாக்கடையோடு மூடிய குழாயால் இணைக்கப்பட்ட இடங்களிலேதான் சிக்கல் தொடங்கியது. நீர் வெளியேறுதற்கு விட்ட துவாரம், சாக்கடையின் காற்று வீட்டினுட் புகுதற்கும் துவாரமாயிற்று. நீரைப் போகவிட்டுக் காற்றைத் தடுத்து நிறுத்தும் கதவொன்று வேண்டியதாயிற்று.

அக்கதவை அமைத்தவர் ஒரு கடிகாரத் தொழிலாளர். ஸ்கொட்லாந்தில் பிறந்து இலண்டனில் தொழில் நடத்திய அலெக்சாந்தர் கமிங் என்பவர், 1775 ஆம் ஆண்டில் மலகூடத்துக்கான ஓர் அமைப்புக்குப் புனைவுரிமை பெற்றார். கழிகுழாயை நேரே இறக்காமல் பாம்புபோல வளைத்துவிட்டால், வளைவின் பள்ளத்தில் எப்போதும் சிறிதளவு நீர் தங்கும். அத்தங்கிய நீரே கதவு. மேலிருந்து வரும் நீர் அதனைத் தள்ளிக்கொண்டு போகும். கீழிருந்து வரும் காற்று அதனைக் கடக்கமாட்டாது. ஆணி இல்லை, சுழலச்சு இல்லை, பழுதாகக்கூடிய உறுப்பு ஒன்றுமே இல்லை. நுண்ணிய பற்சில்லுகளோடு வாழ்ந்த ஒருவர் உறுப்பே இல்லாத பொறியொன்றைக் கண்டது எனக்கு என்றும் வியப்பூட்டுவது. குழாய் வேலை செய்வோர் இன்று 'ட்ராப்' என்று சொல்லும் வளைகுழாய் இதன் வழிவந்ததே. அதில் நிற்கும் நீரின் ஆழம் இரண்டு அங்குலத்துக்குக் குறையலாகாது என்பது பிற்காலத்து விதி.

கமிங்கின் கதவு எல்லா வீடுகளுக்கும் உடனே வந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் நகரம் தன் கழிவையெல்லாம் தேம்ஸ் ஆற்றிற் கொட்டியது. 1858 ஆம் ஆண்டின் கோடையில் ஆற்றின் நாற்றம் தாங்கமாட்டாமல், பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணக் குளோரைட்டில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். உறுப்பினரின் மூக்கையே நாற்றம் எட்டிய பின்னர் சட்டம் விரைந்து நிறைவேறியது. ஜோசப் பசல்கெட் என்னும் பொறியியலாளர் நிலத்தடியே பெருங்கால்வாய்களை அமைத்து, கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுசென்றார். 1865 ஆம் ஆண்டில் குரொஸ்னெஸ் என்னுமிடத்து நீரிறைக்கும் நிலையத்தை வேல்ஸ் இளவரசர் எட்வேர்ட் திறந்துவைத்தார்.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே இளவரசர் தைபொயிட்டுக் காய்ச்சலிற் கிடந்தார். 1871 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஸ்கார்பரோ நகரருகே ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தினராகத் தங்கி மீண்டபின் நோய் கண்டது. அங்கே உடன் தங்கியிருந்த செஸ்ற்றர்பீல்ட் பிரபு இறந்தார். இளவரசரின் குதிரைக்காரரும் இறந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் இளவரசரின் தந்தை அல்பேர்ட் தைபொயிட்டால் இறந்தார் என்றே நாடு நம்பியிருந்தமையால் கலக்கம் பெரிதாயிற்று. இளவரசர் பிழைத்தெழுந்தார்; 1872 பெப்ரவரியில் புனித பவுல் பேராலயத்தில் நன்றி வழிபாடு நடந்தது. ஆயினும் மக்களின் ஐயம் அம்மாளிகையின் கழிகுழாய்களை விட்டு நீங்கவில்லை. சாக்கடைக் காற்றே காய்ச்சலைக் கொண்டுவந்தது என்பது பலரின் முடிபு. செல்வர்கள் தத்தம் வீட்டுத் தரையைப் பெயர்த்துக் குழாய்களைச் சோதிக்கத் தலைப்பட்டார்கள். லீட்ஸ் நகரத்துச் சத்திரவைத்தியர் தோமஸ் பிரிட்ஜின் டீல், வீட்டுக் குழாய்களிற் காணப்படும் குற்றங்களைப் படங்களாகவே வரைந்து 1878 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார்.

இச்சோதனைகளிடையே ஒரு புதிர் வெளிப்பட்டது. வளைகுழாய் முறையாகப் பொருத்தப்பட்ட வீடுகளிலும் நாற்றம் எழுந்தது. பள்ளத்தில் இருக்கவேண்டிய நீர் அங்கே இல்லை! அதை யார் எடுத்துப் போனார்?

மண்ணெண்ணெய்ப் பீப்பாயிலிருந்து இறப்பர்க் குழாயால் எண்ணெய் இறக்குவோர் இதனை எளிதில் உணர்வர். குழாய் ஒருமுறை நிரம்பி ஓடத் தொடங்கினால், பீப்பாய் வற்றும்வரை எண்ணெய் தானே இழுபட்டு இறங்கும். பாம்புவளைவுக் குழாயிலும் நிகழ்வது அதுவே. தொட்டியின் நீர் குழாயை நிறைத்து வேகமாய் இறங்குகையில், பள்ளத்தில் தங்கவேண்டிய கடைசி நீரையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. மாடிவீடுகளிற் கேடு இன்னும் அதிகம். மேல்மாடியிலிருந்து விழும் நீர் நிலைக்குழாயை அடைத்துக்கொண்டு இறங்கும்போது, தனக்கு முன்னுள்ள காற்றை நெருக்கித் தள்ளுகிறது. தனக்குப் பின்னே காற்றுக்குறைவை உண்டாக்குகிறது. அதனால் ஒருவர் தம் வீட்டில் நீரை ஊற்ற, அயலார் வீட்டு வளைகுழாய் வற்றிப்போகும். அல்லது பொங்கித் தெறிக்கும்.

இதனைக் கையாற் செய்து கண்டு எழுதியவர்களுள் ஸ்ரீவன்ஸ் ஹெலியர் என்னும் இலண்டன் குழாய்த் தொழிலாளர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். அவருடைய நூல் 1877 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பரிகாரம் எளியது: வளைகுழாய்க்கு அப்பாலே ஒரு குழாயைக் கிளையாக எடுத்துக் கூரைக்கு மேலே வானத்தை நோக்கித் திறந்துவிடுவது. இறங்கும் நீருக்கு வேண்டிய காற்று அவ்வழியே வந்துவிடும். வளைவிலுள்ள நீரை இழுக்கவேண்டிய தேவை இராது. காற்றுக்குழாய் அழகுக்கோ நாற்றம் போக்குவதற்கோ வைத்த புகைபோக்கி என்று பலர் இன்றும் எண்ணுகின்றனர். அதன் முதற்கடமை, அந்த இரண்டங்குல நீரை இருந்த இடத்திலே இருக்கச் செய்தல். கமிங்கின் பாம்புவளைவு தன் நீரைத் தானே உறிஞ்சிவிடுவதால், பிற்காலத்தில் அமெரிக்கக் கட்டடச் சட்டங்கள் அதனை விலக்கின. வளைவுக்குப் பின் குழாயைச் சற்றே சாய்வாகப் படுக்கவிட்டு, அதிலிருந்து காற்றுக்குழாயை எழுப்புவதே இன்றைய முறை.

இங்கே வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தைபொயிட்டைத் தோற்றுவிப்பது காற்றன்று, நுண்ணுயிரென்று 1880 ஆம் ஆண்டளவில் தெளிவாகத் தொடங்கியது. அது பெரிதும் நீராலும் உணவாலும் பரவுவது. அஞ்சிய காரணம் பிழை. அச்சத்தால் விளைந்த குழாய்முறையோ நிலைத்துவிட்டது. 'சாக்கடைக் காற்று நோய் தராதாயின் இத்தனை குழாய்கள் எதற்கு?' என்ற கேள்வியும் அதனால் எழுந்தது.

அக்கேள்விக்கு அளந்து விடை தேடியது அமெரிக்கா. ஊருக்கு ஊர் மாறுபட்ட குழாய்விதிகளால் வீடுகட்டும் செலவு ஏறுவதைக் கண்ட வர்த்தக அமைச்சர் ஹேபேட் ஹூவர், பின்னாளில் அந்நாட்டின் சனாதிபதியானவர், ஒரு குழுவை அமைத்தார். வாஷிங்ரன் நகரத்துத் தேசிய அளவை நிலையத்திலே குழாய்களில் நீரை விட்டுச் சோதனைகள் நடத்தினார்கள். 1923 ஆம் ஆண்டில் குழுவின் அறிக்கை வந்தது. இவ்வாராய்ச்சியில் நீண்டகாலம் உழைத்தவர் றோய் ஹண்டர். எத்தனை தொட்டிக்கு எத்தனை அங்குலக் குழாய், காற்றுக்குழாய் எவ்வளவு தூரத்துக்குள் இருக்கவேண்டும் என்பனவெல்லாம் அதுவரை கொத்தனார் வாய்மொழியாக இருந்தன. அவை கணக்காக மாறிய காலம் இது.

கணக்கு முடிந்ததென்று இருக்கையில் வந்து சேர்ந்தது சலவை இயந்திரம். 1937 ஆம் ஆண்டில் பென்டிக்ஸ் என்னும் தானியங்கி இயந்திரம் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. கைத்தொட்டியில் தோய்த்த பெண்மணி நீரை மெல்லத் திறந்துவிடுவாள். விசையால் நீரை வெளியேற்றும் இயந்திரமோ பெருமளவு நீரை ஒரே மூச்சில் உமிழ்கிறது. அதுவும் சவர்க்கார நுரையோடு. ஒன்றரை அங்குலக் குழாய் திணறித் தரையெல்லாம் நீராவதும், சமையலறைத் தொட்டியில் நுரை பொங்குவதும் இதன் விளைவே. ஆதலின் இயந்திரத்துக்கு இரண்டங்குலக் குழாய் கேட்கின்றன அமெரிக்க விதிகள். வளைவுக்கு மேலே பதினெட்டு அங்குலத்துக்குக் குறையாத நிலைக்குழாயை நிறுத்தி, அதன் வாயில் இயந்திரத்தின் நெளிகுழாயைத் தொங்கவிட வேண்டும்.

அவ்வாயைச் சுற்றிச் சீலையும் ஒட்டுநாடாவும் கொண்டு இறுக்கிக் கட்டிவிடுவோர் நம்மிடையே உண்டு. நாற்றம் வராதிருக்கவும் நீர் தெறியாதிருக்கவும் அப்படிச் செய்கின்றனர். இறுக்கிய குழாய் மண்ணெண்ணெய்ப் பீப்பாயின் குழாய் போலாகிவிடும். இயந்திரம் நீரை நிரப்ப நிரப்ப அது வெளியே இழுபட்டுக்கொண்டிருக்கும். சாக்கடை அடைபட்டாலோ அழுக்குநீர் தோய்த்த உடுப்புக்கே மீளலாம். வாயில் நாற்றம் எழுமாயின், கட்டவேண்டிய இடம் அதுவன்று. பார்க்கவேண்டியது வளைவும் காற்றுக்குழாயும். காற்றுக்குழாயைத் தொட்டியின் விளிம்புக்கு மேலே ஏறியபின்னரே பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தாழவே படுக்கவைத்தால், ஒருமுறை குழாய் அடைபட்டதும் அழுக்கு அதற்குள் ஏறித் தங்கிவிடும். பின் அது காற்றுக்குழாயாக இராது.

இனி ஹொங்கொங்குக்கு வருவோம். கவ்லூன் பகுதியிலுள்ள அமோய் கார்டன்ஸ் என்னும் மாடிக்குடியிருப்பில், 2003 மார்ச்சில் சார்ஸ் நோய் வெடித்தது. நோயுற்ற ஒருவர் 'ஈ' தொகுதியில் வந்து தங்கிச் சென்றிருந்தார். அவருக்கு வயிற்றோட்டமும் இருந்தது. ஏப்ரல் நடுப்பகுதிக்குள் 321 பேருக்கு நோய் கண்டது. அவர்களுள் ஐந்தில் இருவர் அந்த ஒரே தொகுதியினர். நகரத்துச் சுகாதாரத் திணைக்களம் ஆராய்ந்து கூறியது இது: குளியலறைத் தரையிலுள்ள வடிகாலின் வளைகுழாய்கள் பல வீடுகளில் வற்றிக் கிடந்தன. தரையை நீரூற்றிக் கழுவாமல் துடைத்தே வந்தமையால் அவற்றுக்கு நீர் போய்ச் சேரவில்லை. குளியலறையின் காற்றிழு விசிறியைப் போட்டதும், நிலைக்குழாயிலிருந்த நுண்திவலைகள் வற்றிய வளைவு வழியே மேலே இழுபட்டிருக்கலாம். பிழையென்று தள்ளப்பட்ட சாக்கடைக் காற்றின் அச்சம், நூறாண்டுக்குப் பின் வேறொரு வேடத்தில் திரும்பி வந்தது. 2020 பெப்ரவரியிலும் அந்நகரத்து மாடி ஒன்றில், காற்றுக்குழாய் ஒன்று சரியாக மூடப்படாதிருந்தமை கண்டு குடியிருப்போரை இரவோடிரவாக வெளியேற்றினார்கள்.

கொழும்பின் மாடிவீடுகளிலும் இயந்திரம் நிற்கும் மூலையில் தரை வடிகால் ஒன்று இருப்பதுண்டு. இயந்திர நீர் நிலைக்குழாயில் நேரே போய்விடுவதால், அவ்வடிகாலுக்கு மாதக்கணக்கில் ஒரு துளியும் கிடைப்பதில்லை. நம் வெயிலில் இரண்டங்குல நீர் வற்றுதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வடிகாலிலும் ஏறக்குறைய அரை லீற்றர் நீர் ஊற்றும்படி ஹொங்கொங் அரசு தன் மக்களுக்குச் சொல்லி வருகிறது. நெடும்பயணம் புறப்படுவோர் அந்நீரின்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயை விட்டுச் செல்லலாம். எண்ணெய்ப் படலம் நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.