இந்தப் பெட்டி பொய் சொல்லாதா, சேர்?

போன மாதம் மாலை வகுப்பில் உந்தக் காப்பு விதி படிப்பித்துக்கொண்டிருந்தோம். நூலில் தொங்கும் மரக்கட்டை, அதற்குள் பாய்ந்து தங்கிவிடும் சன்னம். ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் அதே கணக்கு. வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் போனை நீட்டினார். அமெரிக்காவில் ஒருவர் வெற்று ரவைக் கோதுகளுக்குத் தானே மருந்து நிரப்பி, சுடுதிடலுக்குப் போய்ச் சுட்டுப் பார்க்கிறார். துவக்குக்குப் பக்கத்தில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பெட்டி. சுட்ட மறு கணமே அதில் ஓர் எண் விழுகிறது: செக்கனுக்கு 2,704 அடி.

"இந்தச் சின்னப் பெட்டி பொய் சொல்லாதா, சேர்?"

நல்ல கேள்வி. நாம் அந்த இடத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அதிலேயே நின்றது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஊரில் பலருக்கு நெஞ்சு படபடக்கும். காரணம் எல்லோருக்கும் தெரியும். இது துவக்கு வாங்கவோ ரவை நிரப்பவோ வழி சொல்லும் பதிவல்ல. அனுமதிப்பத்திரம் இல்லாமல் இங்கே துவக்கு வைத்திருப்பதே குற்றம். ஆனால் கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றின் வேகத்தை மனிதன் எப்படி அளந்தான் என்பது நல்லதொரு வரலாறு. அதில் நம்மைப் போன்ற ஒரு கணித ஆசிரியரும் வருகிறார்.

நம் வாப்பாமார் காலத்தில் வட்டைக் காவலுக்கு அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருந்தவர்கள் தோட்டாவை எப்படி மதிப்பிட்டார்கள்? காதாலும் தோளாலும். சத்தம் பெரிதாக இருந்து தோளில் நன்றாக உதைத்தால் அது நல்ல தோட்டா. உலகம் முழுக்க நூற்றாண்டுக் கணக்கில் இதுதான் நடந்தது. ஐரோப்பியப் படைகள் மருந்தைச் சோதிக்க ஒரு சிறு குத்துப் பீரங்கியில் அதைப் போட்டு, இரும்புக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று பார்த்தன. மருந்து நல்லதா கெட்டதா என்று அதில் தெரியும். குண்டின் வேகம் என்ன என்று தெரியாது.

அதை முதலில் சரியாக அளந்தவர் பெஞ்சமின் ரொபின்ஸ். 1707 இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். குடும்பம் யுத்தமே கூடாது என்று நம்பிய குவேக்கர் குடும்பம். பிள்ளை போனதோ பீரங்கிக் கணக்குக்கு! லண்டனில் கணிதம் படிப்பித்துப் பிழைத்தார். 1741 இல் வூலிச்சில் புதிதாகத் தொடங்கிய இராணுவக் கல்லூரியில் அரண் கட்டும் கலைக்கான பேராசிரியர் பதவியை எதிர்பார்த்தார். கிடைக்கவில்லை. பிரதமர் வோல்போலுக்கு எதிராக அவர் எழுதிய துண்டுப் பிரசுரங்கள்தான் காரணம் என்பார்கள். தகுதி இருந்தும் நியமனம் கைநழுவிப் போகும் கதை நம் ஆசிரியர்களுக்கு விளக்கத் தேவையில்லாத கதை. மனிதர் மூலையில் உட்காரவில்லை. படிப்பிக்க வைத்திருந்த விடயங்களைத் திரட்டி அடுத்த வருடம், 1742 இல், பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள் என்ற நூலாக வெளியிட்டார்.

அந்த நூலில்தான் நம் வகுப்பறை மரக்கட்டை இருக்கிறது. ரொபின்ஸ் மரம் பதித்த ஓர் இரும்புத் தகட்டை ஊசலாகத் தொங்கவிட்டார். நிறை ஏறத்தாழ 56 இறாத்தல். அதற்குள் சுட்ட சன்னம் ஓர் இறாத்தலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஊசல் சன்னத்தைவிட ஏறக்குறைய 670 மடங்கு நிறை கூடியது. உந்தம் காக்கப்படுவதால், சன்னத்தின் வேகத்தில் 670 இல் ஒரு பங்கோடு ஊசல் அசையும். செக்கனுக்கு 1,700 அடி போகும் சன்னம் ஊசலுக்குக் கொடுப்பது இரண்டரை அடி வேகம் மட்டுமே. சிறு பிள்ளை நடக்கும் வேகம். ஊசலின் அடியில் ஒரு நாடா கட்டியிருந்தார். ஊசல் பின்னால் போகையில் நாடாவும் இழுபடும். இழுபட்ட நீளத்தைக் கோலால் அளந்தால் போதும், மிச்சம் கணக்கு. கடிகாரமே தேவைப்படவில்லை.

நாம் இந்தக் கணக்கைப் பல வருடம் கரும்பலகையில் செய்திருக்கிறோம். இதன் அழகை இப்போதுதான் சரியாகக் கண்டோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பார்க்க முடியாத ஒன்றை, பொய் சொல்ல இடமில்லாத ஒன்றாக மாற்றிவிட்டார். நாடாவை யாரும் வந்து அளந்து பார்க்கலாம்.

அவருடைய எண்கள் பெரிய பெரிய தலைகளையே ஆட்டின. அதுவரை வளித்தடையைப் பொருட்படுத்தத் தேவையில்லை, குண்டு பரவளைவில் போகும் என்றே பீரங்கி நூல்கள் எழுதின. அந்தக் கணக்குப்படி 1,700 அடி வேகச் சன்னம் 17 மைல் போக வேண்டும். உண்மையில் அது அரை மைலைத் தாண்டுவதில்லை. அந்த வேகத்தில் வளித்தடை சன்னத்தின் நிறையைப் போல 120 மடங்கு என்று ரொபின்ஸ் காட்டினார். பேர்ளினில் இருந்த மாபெரும் கணிதர் ஒயிலர் 1745 இல் இந்த நூலைத் தன் விரிவான குறிப்புகளோடு ஜேர்மன் மொழிக்குக் கொண்டுபோனார். 1746 இல் றோயல் சொசைட்டி கொப்லி பதக்கம் கொடுத்தது.

பிறகு நடந்தது நமக்குக் கிட்டிய கதை. கிழக்கிந்தியக் கம்பனி அவரைத் தலைமைப் பொறியியலாளராக்கி இந்தியாவுக்கு அனுப்பியது. 1750 இல் வந்து சேர்ந்தார். சென்னையிலும் கடலூரிலும் கோட்டைகளைப் பலப்படுத்தும் திட்டம் போட்டார். 1751 ஜூலை 29 அன்று கடலூரின் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். சன்னத்தின் வேகத்தை உலகுக்குச் சொன்னவர் கண்ணை மூடியது தமிழ் பேசும் கடற்கரை ஒன்றில். கடலூருக்குப் போய் வந்த நம்மவர்கள் எத்தனையோ பேர். இதைச் சொல்லி யாரும் நாம் கேட்டதில்லை.

சன்னத்துக்குச் சரியாக இருந்த ஊசல் பீரங்கிக் குண்டுக்குப் பெருத்துக்கொண்டே போனது. 1860களில் பெல்ஜியப் பீரங்கிப் படை அதிகாரி லெ பூலான்ஜே வேறு வழி கண்டார். குண்டு போகும் பாதையில் இரண்டு கம்பித் திரைகள். ஒவ்வொரு திரையின் மின்னோட்டமும் ஒரு மின்காந்தத்தை இயக்க, அதில் ஓர் உலோகக் கோல் தொங்கும். முதல் திரை அறுந்தால் நீளக் கோல் விழத் தொடங்கும். இரண்டாம் திரை அறுந்தால் சிறு கோல் விழுந்து ஒரு கத்தியைத் தட்டிவிடும். கத்தி, விழுந்துகொண்டிருக்கும் நீளக் கோலில் ஒரு வெட்டுப் போடும். வெட்டு எந்த உயரத்தில் விழுந்தது என்று பார்த்தால் நேரம் தெரியும். புவியீர்ப்பே கடிகாரம்.

சிறு கோல் விழுந்து கத்தி பாய்வதற்கே கொஞ்ச நேரம் போகுமே என்று கேட்பீர்கள். போகும். அதனால் சுடுவதற்கு முன் இரண்டு மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் துண்டித்து ஒரு வெட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். அது 0.15 செக்கனுக்குரிய இடத்தில், அதாவது 11 சென்ரிமீற்றரில், விழும்படி கருவியைச் சீர் செய்வார்கள். பிறகுதான் சுடுவது. குண்டு திரைகளுக்கிடையில் 0.10 செக்கன் எடுத்தால் அடுத்த வெட்டு 30.6 சென்ரிமீற்றரில் விழும். கருவி தன் சொந்தத் தாமதத்தை முதலில் தானே ஒப்புக்கொள்கிறது. மாணவர் கேட்ட கேள்விக்கு இது ஒரு பதில்.

ஆனால் இதெல்லாம் ஆயுதசாலைகளின் சொத்து. தன் மேசையில் ரவை நிரப்பும் சாதாரண ஆளுக்கு எட்டாது. அவருக்கோ இது விளையாட்டல்ல. ரவை நிரப்புவோருக்கான கைநூலில் இந்த மருந்து இவ்வளவு போட்டால் இந்த வேகம் வரும், இதற்கு மேல் போடாதே என்று அட்டவணை இருக்கும். அது அவர்களுடைய குழாயில் எடுத்த எண். இவருடைய குழாய் வேறு, கோது வேறு, மருந்தின் தொகுதியும் வேறு. கைநூலின் எல்லைக்குள் போட்டும் வேகம் கூடுதலாகக் காட்டினால், உள்ளே அமுக்கமும் கூடியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அங்கேயே நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் போய்த் துவக்கின் பின்புறம் வெடித்தால் அந்த இடத்தில் இருப்பது சுடுபவரின் கண். காதையும் தோளையும் நம்பி இதைச் செய்ய முடியாது.

1960களில் இலத்திரனியல் மலிவானதும் கதை மாறியது. டெக்சாஸில் கென் ஓலர் என்ற மின் பொறியியலாளர் தனியாட்கள் வாங்கக்கூடிய கருவிகளைச் செய்யத் தொடங்கினார். முதலில் மின்கடத்தும் கோடு அச்சிட்ட தாள்திரைகள்; ஒவ்வொரு வெடிக்கும் புதுத் தாள் மாட்ட வேண்டும். பிறகு ஒளி உணரிகள் வந்தன. மேலே வானம், கீழே உணரி, நடுவில் சன்னத்தின் நிழல். நிழல் முதல் உணரியைக் கடந்ததும் எண்ணத் தொடங்கி இரண்டாவதில் நிறுத்தும். கனடாவிலிருந்து குரோனி என்ற மடிக்கும் பெட்டி வந்து விலையை நன்றாக இறக்கியது. குறி தவறித் தன் குரோனியையே சுட்டவர்களின் கதை அங்கே ஏராளம்.

மலிவுக்கு ஒரு விலை உண்டு. செக்கனுக்கு 900 மீற்றர் போகும் சன்னம் 30 சென்ரிமீற்றரைக் கடக்க எடுப்பது 333 மைக்ரோசெக்கன். உணரிகளின் இடைவெளியில் 2 மில்லிமீற்றர் பிழை இருந்தால் வேகத்தில் 6 மீற்றர் பிழை. அதே 2 மில்லிமீற்றர், 120 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒன்றரை மீற்றர் பிழையைத்தான் தரும். ஆகவே மலிவான ஒளிக் கருவி வாங்குபவர் திரையில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்று பார்ப்பதைவிட உணரிகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பார்ப்பதுதான் புத்தி. வெளிச்சமும் ஏமாற்றும். மண்டபத்துக் குழல்விளக்கின் துடிப்பைச் சன்னம் என்று எண்ணும் கருவிகள் உண்டு. வாய்முனை வெடிப்பு எட்டாதபடி சில மீற்றர் முன்னால் வைக்கவும் வேண்டும்.

ஓலரின் 35பி என்ற கருவி நமக்குப் பிடித்தது. அதில் மூன்றாவது உணரி ஒன்று இருக்கிறது. ஒரே வெடியை இரண்டு தடவை அளந்து இரண்டு விடையையும் அச்சடித்துத் தரும். இரண்டும் ஒத்துப்போகவில்லையா, அந்த வெடியைக் கணக்கிலிருந்து தள்ளிவிடு.

இப்போதைய சின்னப் பெட்டி ரேடார். அதிவேகப் பாதையில் பொலிஸார் நீட்டுவார்களே, அதே டொப்ளர் விதி. 2023 இல் வந்த கார்மின் ஸீரோ அங்கே 600 டொலர் அளவில் விற்றது. ஒளிக் கருவிகள் 100, 150 டொலரிலேயே உண்டு. குழாயில் கட்டும் மக்னெற்றோஸ்பீட் வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்படாது. ஆனால் குழாயில் நிறை தொங்குவதால் குறி விழும் இடம் நகர்ந்துவிடும். வேகமும் குறியும் சேர்த்துப் பார்க்க நினைப்பவருக்கு அது தொல்லை. காசு குறைந்தவர் என்ன செய்வார்? நாமாக இருந்தால் இடைவெளி கூடிய பழைய ஒளிக் கருவி ஒன்றை வாங்கி, தெரிந்த ஒருவரின் கருவியை அதன் பின்னால் வைத்து ஒரே சன்னத்தை இரண்டுக்கும் மேலால் விட்டுப் பார்ப்போம். மூன்று வெடியோடு முடிவெடுக்கவும் மாட்டோம். பத்து இருபது சுட்டால்தான் ரவைக்கு ரவை உள்ள வித்தியாசம் தெரியும்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. "நாங்களும் அளப்போம் சேர்" என்றார்கள். துவக்கு இல்லை, கவண் இருக்கிறது. 5 கிராம் மாபிள் ஒன்று. பால்மா தகரத்தில் களிமண் நிரப்பி, மாபிளோடு சேர்த்து 500 கிராம் வரும்படி செய்து, ஒரு மீற்றர் நூலில் தொங்கவிட்டோம். எல்லோரையும் பின்னால் நிறுத்திவிட்டு நாமே அடித்தோம். தகரம் 6.3 சென்ரிமீற்றர் பின்னால் போனது. கணக்குப் போட்டால் மாபிளின் வேகம் செக்கனுக்கு 19.7 மீற்றர்.

சரிபார்க்க இன்னொரு கருவி வேண்டுமே. கவணுக்குப் பக்கத்தில் போனை வைத்து அதே அடியின் ஒலியைப் பதிவு செய்திருந்தோம். றபர் விடுபடும் சத்தத்துக்கும் களிமண்ணில் மோதும் சத்தத்துக்கும் இடையில் 0.22 செக்கன். தூரம் 4 மீற்றர். விடை 18.2. ஒன்றரை மீற்றர் வித்தியாசம். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது.

பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மெதுவாகக் கையை உயர்த்தினார். மோதிய சத்தம் நாலு மீற்றர் திரும்பி வந்துதானே சேர் போனுக்குள் போகும், அந்த நேரத்தைக் கழிக்கவில்லையே என்றார். கழித்தோம். 0.012 செக்கன். விடை 19.2 ஆனது.

மீதி அரை மீற்றரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். நூல் நீண்டதா, தகரம் கொஞ்சம் சுழன்றதா என்று ஆளுக்கொரு கட்சி. வரும் செவ்வாய்க்கிழமை இரண்டு நூலில் கட்டிப் பார்ப்பதாக இருக்கிறோம்.