முல்லோயாப் போராட்டமும் தொழிலாளர் ஒருமைப்பாடும்

கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்த ஹுன்னஸ்கிரிய, அதனை அடுத்த நக்கிள்ஸ் மலைப்பகுதியின் மடுல்கலை, கண்டிக்குத் தெற்கேயுள்ள ஹேவாஹெட்ட ஆகியன யாவும் தேயிலைத் தோட்டங்கள் செறிந்த இடங்களாகும். இம்மலைகளில் எழுந்த தொழிலாளர் போராட்டங்களுக்குப் பிறர் அளித்த துணை எத்தகையது, அது எதனைச் சாதித்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரத்து ஆலைத் தொழிலாளிக்கு, ஆலைக் கதவு அடைக்கப்பட்டாலும் திரும்பிச் செல்ல ஒரு வீடு உண்டு. தோட்டத் தொழிலாளிக்கோ அதுவும் இல்லை. அவன் குடியிருந்த லயன் அறை தோட்டத்துக்கே உரியது. பற்றுச்சீட்டுக் கொடுக்கப்பட்ட அன்றே வேலையும் இருப்பிடமும் ஒருங்கே பறிபோயின. அறையை விட்டு நீங்க மறுத்தவன்மீது அத்துமீறிய குற்றம் சாட்டவும் சட்டத்தில் இடமிருந்தது. ஆகவே தோட்டத்தில் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் ஏறக்குறைய ஒன்றே எனலாம். வெளியாரின் துணையின்றி அங்கு எப்போராட்டமும் நீடித்தல் அரிது.

அத்துணைக்கான அடித்தளம் 1930களில் இடப்பட்டது. 1931 இல் கோ. நடேசய்யர் ஹற்றனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1935 இல் தொழிற்சங்கச் சட்டமும் லங்கா சமசமாஜக் கட்சியும் தோன்றின. மடுல்கலையில் றெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பயில வந்த பிறேஸ்கேர்டில் என்னும் ஆங்கிலேயர் தொழிலாளர் பக்கம் நின்றமையால், 1937 இல் நாடுகடத்தும் ஆணைக்கு உள்ளானார். உயர் நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதெனத் தீர்த்தது. தோட்டத்து நிகழ்ச்சி நாட்டு நிகழ்ச்சியாகலாம் என்பதை இவ்வழக்கு உணர்த்திற்று.

ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் இவ்வுண்மை உயிர்விலை கொடுத்து நிறுவப்பட்டது. கூலியில் 16 சதம் உயர்வு கேட்டு, சமசமாஜிகளின் வழிகாட்டலில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1940 ஜனவரி 10 ஆம் நாள் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். நாடெங்கும் எழுந்த கண்டனத்தினால் அரசு விசாரணைக்குழு ஒன்றை நியமிக்க வேண்டியதாயிற்று. அதன் முன்னிலையில் கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். த சில்வா தோன்றினார். சிங்களச் சட்டத்தரணி ஒருவர் தமிழ்த் தொழிலாளியின் விதவைக்காக வாதாடிய இந்நிகழ்ச்சியை நாம் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். இரங்கற் கூட்டத்தோடு அமையாது, அதிகாரத்தைக் கூண்டிலேற்றி வினவுவதாக இங்கு ஒருமைப்பாடு வளர்ந்தது.

இதன் விளைவு அரசாங்க சபையையும் எட்டியது. வேலைநிறுத்தக்காரர்மீதான வழக்கை ஒத்திவைப்பது குறித்து உள்நாட்டமைச்சர் டி. பி. ஜயதிலக்கவுக்கும் பொலிஸ் மாஅதிபருக்கும் பிணக்கு மூண்டது. ஆளுநர் கால்டிகொட் மாஅதிபரை ஆதரிக்க, அமைச்சர்கள் பதவி துறந்தனர். போராட்ட அலை ஊவாவின் வேவஸ்ஸத் தோட்டம் வரை பரவியது. அதே ஆண்டில் உருவான ஏழு அம்ச உடன்படிக்கையால் தோட்ட முதலாளிமார் தொழிற்சங்கங்களை ஓரளவேனும் ஏற்க நேர்ந்தது. மறுபுறம், 1940 ஜூனில் கொல்வின் உள்ளிட்ட சமசமாஜத் தலைவர்கள் சிறைப்பட்டனர். துணைநின்றோர் அதன் விலையையும் செலுத்தினர் என்பது இதனாற் பெறப்படும்.

முல்லோயாவில் சட்டமன்றேறிய ஒருமைப்பாடு, 1946 இல் உழைப்பை நிறுத்தும் ஒருமைப்பாடாக விரிந்தது. கேகாலை மாவட்டத்தில், தொழிலாளர் வழக்கில் உருளவள்ளி எனப்படும் நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கெனக் கையேற்ற அரசு, அங்கு வாழ்ந்தோரை வெளியேறப் பணித்தது. தம் அறைக்கு ஆபத்தில்லாத பிற தோட்டத்தாரும் இலங்கை இந்தியன் காங்கிரசின் அழைப்பையேற்றுப் பெருந்தொகையினராக வேலையை நிறுத்தினர். இன்று உருளவள்ளிக்கு நேர்ந்தது நாளை தமக்கும் நேரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. இடதுசாரிகள் எதிர்த்தும் அது நிறைவேறிற்று. வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோயிற்று. லயன் அறையிலிருந்து வெளியேற்றுவதன் பெருவடிவமே நாட்டுரிமையிலிருந்து வெளியேற்றியமை என நாம் கருதுகின்றோம். வாக்கற்ற மக்களுக்காகக் குரலெழுப்புவதால் அரசியலாருக்குப் பயனில்லாது போன பின்னர், 1940 இன் ஒருமைப்பாடு மீண்டும் அதே வலிமையுடன் தலைதூக்குதல் எளிதன்று.

கோவிந்தன் மலையகத்தின் முதல் தியாகியாகப் போற்றப்படுகின்றார். அவர் பெயரை நினைவுகூரும் போது, அவர் கேட்ட 16 சதத்தையும், அவருக்காகப் பேச முன்வந்தோரையும் சேர்த்தே நினைவுகூர்தல் வரலாற்றுக்கு நாம் செய்யும் கடமையாகும்.