செப்பேடும் தொடரேடும்

நிலம் அசையாப் பொருள். பொன்னைப் போலப் பெட்டியிலிட்டுப் பூட்டவும் இயலாது; நெல்லைப் போல மூட்டை கட்டி எடுத்துச் செல்லவும் இயலாது. ஒருவர் விற்க மற்றொருவர் வாங்குங்கால், உண்மையில் கை மாறுவது நிலமன்று. அந்நிலம் இன்னாருக்கு உரியது என்று கூறும் ஏடே கை மாறுகின்றது. ஆதலின், நிலவுரிமையின் வரலாறு ஒருவகையில் ஏட்டின் வரலாறே எனலாம். ஓலையிலும் செப்பிலும் கல்லிலும் காகிதத்திலும் வாழ்ந்து வந்த அவ்வேடு, இன்று கணிப்பொறிகளின் வலையில் குடியேறத் தொடங்கியுள்ளது. உலகம் 'பிளாக்செயின்' என வழங்கும் அப்புதுமுறையை நாம் 'தொடரேடு' என அழைப்போம். பிறந்த ஊரில் ஒரு துண்டு நிலமும், பிழைக்க வந்த ஊரில் ஒரு சிறு வீடுமாக, ஈரிடத்தும் ஏட்டையே நம்பி வாழும் நம்போன்ற குடும்பங்களுக்கு இம்மாறுதல் வெறும் விஞ்ஞானச் செய்தியன்று.

முன்னோர் நிலத்தை எவ்வாறு எழுதி வைத்தனர் என்பதை முதற்கண் நோக்குவோம். சோழர் செப்பேடுகள் அம்முறையைத் தெளிவாகக் காட்டுகின்றன. அரசன் வாய்மொழியாக ஆணையிடுவான். அதனைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுத, ஓலை நாயகம் என்னும் உயர் அலுவலர் ஒப்பிடுவர். பின்னர் அது வரிக்கணக்கில் ஏறும். அம்மட்டோடு முடிவதில்லை. நாட்டார் கூடியிருக்கப் பெண்யானை ஒன்று எல்லை வழியே சுற்றி நடத்தப்பெறும். அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பர். அதன் பின்னரே எல்லாச் செய்தியும் செம்பில் வெட்டப்பெறும். முதலாம் இராசேந்திரன் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்த செய்தியைக் கூறும் செப்பேட்டுத் தொகுதி 31 ஏடுகளை உடையது. ஏடுகளைக் கோத்த வளையத்தில் அரசமுத்திரை பொறிக்கப்பட்டுள்ளது. ஏடு ஒன்றை இடையில் உருவவோ செருகவோ எண்ணுவோன் அம்முத்திரையை உடைத்தாக வேண்டும்.

இம்முறையில் இரு காவல்கள் இருந்தமை காண்க. ஒன்று, எழுதியதை எவரும் மாற்றாதபடி காத்தல். செம்பும் முத்திரையும் அதற்கு உரியன. மற்றொன்று, எழுதுவது உண்மையா என எழுதுமுன் அறிதல். யானை நடந்த எல்லையும் நாட்டார் கண்ட சாட்சியும் அதற்கு உரியன. இரண்டாம் காவல் தளர்ந்தவிடத்து முதற்காவல் பயனற்றுப் போகும். இந்திய நாட்டின் பல பகுதிகளிலும் போலிச் செப்பேடுகள் கிடைத்துள்ளன என்பதைக் கல்வெட்டறிஞர் நன்கறிவர். இல்லாத கொடையை உள்ளதுபோல் பிற்காலத்தார் வெட்டிவைத்தவை அவை. உண்மைச் செப்பேட்டைப் போலவே பொய்ச் செப்பேடும் நூற்றாண்டுகள் அழியாது நிற்கும். செம்புக்கு மெய்யும் பொய்யும் ஒன்றே.

நிற்க. ஆங்கிலேயர் ஆட்சியில் பதிவு அலுவலகம் தோன்றியது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் இன்றளவும் நம் கொடுக்கல் வாங்கலுக்கு அடிப்படையாக உள்ளன. இவற்றின்படி பதிவு பெறுவது பத்திரமேயன்றி உரிமையன்று. 'இன்னார் இன்னாருக்கு இன்ன நாளில் எழுதிக் கொடுத்தார்' என்பதற்கு அப்பதிவு சான்றாகும். எழுதிக் கொடுத்தவர் மெய்யாகவே உரிமையாளரா என்பதற்கு அது முடிந்த முடிபாகாது. தென் ஆஸ்திரேலியாவில் 1858-இல் இராபர்ட்டு டாரன்ஸ் என்பார் வகுத்த முறையோ இதனின் வேறுபட்டது. அங்கே அரசுப் பதிவேடே உரிமைக்கு இறுதிச் சான்று. நம் நாட்டில் அவ்வுறுதி இன்மையால், வாங்குவோர் மூலப்பத்திரங்களைத் தேடிப் பல்லாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. பதிவுச் செலவுக்கு அஞ்சிப் பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டே வீடு வாங்கும் வழக்கமும் பெருநகரங்களில் பரவியிருந்தது. அத்தகைய பத்திரங்களால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தபோது, கலங்கிய குடும்பங்கள் பல.

இனித் தொடரேட்டின் பிறப்பைக் காண்போம். கணிப்பொறியிலுள்ள ஆவணம் இன்ன நாளில் இவ்வாறே இருந்தது என மெய்ப்பிப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு ஸ்டூவர்ட்டு ஹேபர், ஸ்காட்டு ஸ்டோர்னெட்டா என்னும் இரு அறிஞர் 1991-இல் விடை கண்டனர். எத்துணை நீண்ட ஆவணத்தையும் கணக்கிட்டு ஒரு சிறு முத்திரை எண்ணாகச் சுருக்கலாம். ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். ஓர் ஆவணத்தின் முத்திரை எண்ணை அடுத்த பதிவினுள் வைத்துத் தொடுத்தனர். அந்தாதியில் ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாவதை ஒப்ப, ஒவ்வொரு பதிவும் முந்தியதைப் பற்றி நிற்கும். நடுவே ஒன்றைத் திருத்தின் தொடை அறுந்து குற்றம் வெளிப்படும். 1995 முதல் இத்தகைய முத்திரை எண்களை 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் விளம்பரமாகவே வெளியிட்டு வந்தனர். இதழை வாங்கிய அனைவரும் சாட்சிகளாயினர்!

2008-இல் சதோஷி நாகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒருவர் வெளியிட்ட பிட்காயின் திட்டம், இம்முறையைப் பெரிதும் விரிவாக்கிற்று. ஏட்டின் படி ஒரே அலுவலகத்தில் இராது, உலகெங்கும் பல்லாயிரம் கணிப்பொறிகளில் இருக்கும். ஒரு படியைத் திருத்துவோனை ஏனைய படிகள் காட்டிக் கொடுக்கும். தீயிற் கருகும் கோப்பும், கறையானுக்கு இரையாகும் பத்திரமும், இரவோடு இரவாகத் திருத்தப்படும் கணக்கும் கண்டு வெறுத்தோர், நிலப்பதிவுக்கு இதனினும் ஏற்றது வேறில்லை எனக் கருதியது இயல்பே.

சோதனைகள் தொடர்ந்தன. நடு அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸ் நாட்டின் நிலப்பதிவைத் தொடரேட்டில் ஏற்றும் திட்டம் 2015-இல் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டிறுதிக்குள்ளாகவே தேக்கமுற்றது. ஜார்ஜியா நாடு 2016-இல் இப்பணியைத் தொடங்கிற்று; 2018-க்குள் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட உரிமைப் பதிவுகளின் முத்திரை எண்கள் தொடரேட்டில் ஏறின. ஒன்று தேங்கவும் மற்றொன்று செல்லவும் ஒரு காரணம் உண்டு. ஜார்ஜியா முன்னதாகவே தன் நிலப்பதிவைச் சீர்செய்திருந்தது. அங்கே தொடரேடு பூட்டாக வந்ததேயன்றி வீடாக வரவில்லை. நம் நாட்டில் 2017-இல் ஆந்திர அரசு இம்முயற்சியை மேற்கொண்டது. 2025 நவம்பரில், பீகார் மாநிலப் பதிவு விதிகள் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பதிவுக்கும் உரிமைக்கும் இடையேயுள்ள பிளவைச் சுட்டி, தொடரேட்டு முறையைப் பயன்படுத்துவது குறித்து ஆராயுமாறு சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. எனவே இது நம் வாயிலில் வந்து நிற்கும் செய்தியாகும்.

நிலத்தில் முதலிடும் முறையும் மாறி வருகின்றது. ஒரு கட்டடத்தின் உரிமையைச் சிறு பங்குகளாக்கி, 'டோக்கன்' என்னும் பெயரால் தொடரேட்டில் விற்பர். 2018-இல் அமெரிக்காவின் ஆஸ்பென் நகரிலுள்ள ஓர் உயர்தர விடுதியின் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இவ்வாறு 1 கோடியே 80 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. துபாய் அரசின் நிலத்துறை 2025 மே மாதத்தில் தொடங்கிய திட்டத்தில் 2,000 திர்ஹம் இருந்தாலே பங்கு வாங்கலாம். ஒரு மனைக்குப் பணம் சேர்ப்பதற்குள் தலை நரைக்கும் நடுத்தரக் குடும்பத்தாருக்கு இச்செய்தி இனிக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு நிறுவனம் நூற்றுக்கணக்கான வீடுகளை இவ்வாறு பங்கிட்டு, உலகெங்குமுள்ளோர்க்கு விற்றது. அவ்வீடுகள் பழுது பார்க்கப்படாமல் பாழடைந்து கிடப்பதாகக் கூறி, 2025-இல் அந்நகராட்சி அந்நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. ஏட்டில் பங்கு பிழையின்றி நின்றது. கூரையைக் காண ஆளில்லை என்பதே குற்றச்சாட்டு. மேலும், இத்தகைய திட்டங்கள் பலவற்றில் டோக்கன் வாங்கியவர் வீட்டின் உரிமையாளர் ஆவதில்லை. வீட்டை உடைய நிறுவனத்தின் பங்காளியே ஆகிறார். நம் நாட்டிலோ, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனைக்குப் பதிவுப் பத்திரம் வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சட்டம். டோக்கன் அப்பத்திரத்துக்கு ஈடாகாது.

இவற்றால் நாம் அறியக் கிடப்பது யாது? தொடரேடு முதற்காவலில் வல்லது. செம்பினும் வல்லது என்னலாம். இரண்டாம் காவல் அதனிடம் இல்லை. ஊரில் இல்லாதவருடைய நிலத்தை ஆள்மாறாட்டம் செய்து விற்கும் கயவன், கணிப்பொறியின் முன்னும் அதே பொய்யைக் கூறக் கூடும். அப்பொய் ஏறிவிடின், திருத்தற்கரிய ஏட்டில் திருத்தற்கரிய பொய்யாக நிலைபெறும். வாரிசுச் சண்டையும், எல்லைத் தகராறும், நிலத்தை உழுது வருபவனின் உரிமையும் முத்திரை எண்ணுக்குள் அடங்குவன அல்ல. அவற்றைத் தீர்க்க அளவரும் அலுவலரும் அண்டை வீட்டாரும் நேர்மையுடன் கூடியாக வேண்டும்.

ஆதலின் புதுமுறையை அஞ்சி ஒதுக்கவும் வேண்டா. கண்மூடி நம்பவும் வேண்டா. தொலைவில் வாழும் நாம் ஆண்டுக்கொரு முறையேனும் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் பார்த்து வைப்போம். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் மக்களையும் உடனழைத்துச் சென்று, எல்லைக் கற்களைக் காட்டி, அண்டை நிலத்தாரை அறிமுகம் செய்து வைப்போம். இன்று நமக்கு யானை இல்லை, கால்கள் உள்ளன. ஏடு எவ்வுருவம் எடுப்பினும், அதில் மெய் ஏறுவதற்கு எல்லையை நடந்து கண்டவர் ஒருவர் வேண்டும்.