தோள்சீலையும் மானமும்

இன்று நாம் எண்ணிப் பாராமலே மேலாடை உடுத்துகிறோம். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேல்சாதியார் முன் மார்பை மறைக்கலாகாது என்ற வழக்கம் ஒருகாலத்தில் இருந்தது.

அங்கு வந்த லண்டன் மிஷன் போதகர்கள், ஆடையை அடக்கத்தின் அடையாளமாகக் கண்டனர். கிறிஸ்தவம் தழுவிய பெண்களைக் குப்பாயம் என்னும் சட்டை அணியச் செய்தனர். பெண்களோ அதன்மேல் தோள்சீலையும் போட்டனர். அவர்களுக்கு அது அடக்கம் மட்டுமன்று, மானமும் ஆகும். கலகம் மூண்டது, சீலைகள் கிழிக்கப்பட்டன. 1829ஆம் ஆண்டு அரசாணை குப்பாயத்தை அனுமதித்துத் தோள்சீலையை மறுத்தது. சென்னை ஆளுநர் டிரெவெலியன் வற்புறுத்தியபின், 1859இல் நாடார் பெண்கள் அனைவரும் மார்பை மறைக்கலாம் என்றாயிற்று. ஆயினும் மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்றது அதே ஆணை.

நம் பள்ளிச் சீருடை, அணிந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. அந்தச் சமத்துவத்தின் விலையை நாம் மறவாதிருப்போமாக.