மனப்பாடப் பதிலும் மேட்ச் பார்த்த பதிலும்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் முதல் நாலைந்து நிமிடம் ஊர், வீடு, வேலை என்று விசாரிப்புதான். அதில் எதிர்பார்க்கக்கூடிய கேள்வி: "டிவியில் விளையாட்டு பார்ப்பீர்களா?" என்னிடம் பயிற்சிக்கு வந்த இருவர் இதற்குச் சொன்ன பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

முதலாமவர் இன்ஜினியரிங் முடித்தவர். விளையாட்டு பார்த்தால் மன அழுத்தம் குறையும், குடும்பம் ஒன்றுகூடும், நாட்டுப்பற்று வளரும் என்று ஆங்கிலத்தில் அரை நிமிடம் தடையில்லாமல் சொன்னார். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. "கடைசியாக எந்த மேட்ச் பார்த்தீர்கள்?" என்றேன். வாய் அடைத்துவிட்டது. இத்தனைக்கும் அவர் வீட்டில் கிரிக்கெட் ஓடாத நாளே இல்லை.

அடுத்தவர் நர்ஸ். இங்கிலாந்து போக வேண்டும். தட்டுத் தடுமாறித்தான் ஆரம்பித்தார். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள். அடுப்பில் முறுக்கு, ஹாலில் டி20 உலகக் கோப்பையின் மெல்போர்ன் மேட்ச். பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்குக் கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும். கடைசிப் பந்துக்கு 2 ரன் என்ற நிலையில் அஸ்வின் இறங்குகிறார். நவாஸ் போட்ட பந்து கால் பக்கமாகப் போகிறது. இங்கே அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. "அடிக்கவில்லை, தொடவும் இல்லை, நகர்ந்து நின்றார், வைடு" என்று நான்கு சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். நடுவே 'லெஃப்ட்' என்பதற்கு 'லீவ்டு' என்றார். அடுத்த பந்தை அஸ்வின் மிட் ஆஃப் தலைக்கு மேல் தூக்கிவிட்டதும் அம்மா கரண்டியோடு ஹாலுக்கு ஓடிவந்தாராம்.

பிழையை மட்டும் எண்ணினால் முதல் பதில்தான் மேல். ஆனால் இந்தத் தேர்வில் பிழையை மட்டும் எண்ணுவதில்லை. சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கண வீச்சும் துல்லியமும், உச்சரிப்பு என்று நான்கு அளவுகோல்கள். நான்குக்கும் சம மதிப்பு. சொல்வளத்தில், தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களால் சுற்றிச் சொல்லும் திறனும் சேர்த்தி. நர்ஸ் செய்தது அதைத்தான். மனப்பாட வாசகங்களையோ மதிப்பீட்டு அட்டவணையே கீழ்நிலைப் பேச்சின் அடையாளமாகக் குறிப்பிடுகிறது.

இலக்கணத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. மனப்பாடப் பதில் முழுக்க ஒரே நிகழ்காலத்தில் நடந்தது. நர்ஸின் பேச்சிலோ, "வழக்கமாகப் பார்ப்பேன்" என்பது ஒரு காலம், "அன்று பார்த்தேன்" என்பது இன்னொரு காலம். "அஸ்வின் அந்தப் பந்தை அடித்திருந்தால்?" என்று இடையில் கேட்டேன். "வைடு கிடைத்திருக்காது, தோற்றிருக்கலாம்" என்றார். பல மாதம் வகுப்பெடுத்தாலும் பலருக்கு வாயில் வராத அந்த 'இருந்திருந்தால்' வாக்கியம் அவருக்குத் தானாக வந்தது. சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருந்ததால் இலக்கணம் பின்னாலேயே வந்துவிட்டது என்றே நம்புகிறேன்.

உச்சரிப்பில், நம்மூர் ஆங்கிலமாக இருக்கிறதே என்று யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. கேட்பவருக்குப் புரிந்தால் போதும். ஆனாலும் ஒப்பித்தவர் குரலில் எல்லாச் சொல்லும் ஒரே எடையில் விழுந்தது. நர்ஸ் 'வைடு' என்று சொன்னபோது அந்த ஒரு சொல்லில் குரல் ஏறி நின்றது.

தேர்வின் மூன்றாம் பகுதிக்குப் போனால் இருவருக்கும் இடைவெளி விரிகிறது. மைதானத்தில் பார்ப்பதா, டிவியில் பார்ப்பதா, எது மேல் என்பது போன்ற பொதுக் கேள்விகள் அங்கே வரும். ரீப்ளேயில் அஸ்வின் உடம்பை நகர்த்தியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவருக்கு அதற்குப் பதில் கையிலேயே இருக்கிறது.

விளையாட்டே பார்க்காதவர்கள் பயப்பட வேண்டியதில்லை. "பார்ப்பதில்லை, அந்த நேரத்தில் தூங்குவேன், இரவு டியூட்டி" என்று காரணத்தோடு சொன்னால் அதுவும் முழுப் பதில்தான். கருத்துக்கு மதிப்பெண் கிடையாது. பிள்ளைகளின் வாழ்க்கையில் இல்லாத வரிகளை அச்சடித்துக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லும் பயிற்சி முறைமீதுதான் எனக்குக் கோபம். ஓவர், விக்கெட், கேட்ச், ரன் அவுட் என்று ஆங்கிலச் சொற்களோடு வளர்ந்த வாய்க்கு எதற்கு அந்தக் காகிதம்?

இன்ஜினியரிங் பையனை மறுநாள் உட்காரவைத்து, பார்த்த ஒரு காட்சியை முதலில் தமிழில் சொல்லச் சொன்னேன். 2024 ஜூன் 29, பிரிட்ஜ்டவுன், டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி என்று தொடங்கினார். கடைசி ஓவரின் முதல் பந்தில் தென்னாப்பிரிக்காவின் மில்லர் தூக்கியடித்ததை எல்லையில் சூர்யகுமார் பிடித்த கேட்ச். "இதையே இங்கிலீஷில் சொல்லுங்கள்" என்றேன். "சார், மெதுவாகச் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து நின்றார். தரையில் காலால் ஒரு கோடு இழுத்து, இதுதான் கயிறு என்று ஆங்கிலத்தில் சொன்னார். பந்தை மேலே எறிவதுபோல் கையை உயர்த்தி, கோட்டைத் தாண்டி, திரும்ப உள்ளே வந்து பிடித்துக் காட்டும்வரை பேச்சு நிற்கவில்லை.