குளுக்கோஸ் உணரி மின்முனை
தோலுக்கடியில் செருகப்பட்டு, திசு இடைத் திரவத்திலுள்ள குளுக்கோஸின் அளவுக்கேற்ப மின்னோட்டம் தரும் நுண் மின்முனை. உயிரி உணரி வகையைச் சேர்ந்தது. பரவலான அமைப்பில் செயல்முனை பிளாட்டினம். ஒப்பீட்டு முனை வெள்ளி–வெள்ளிக் குளோரைடு. பிளாட்டினத்தின் மேல் படிந்த குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி, ஆக்சிஜனைக் கொண்டு குளுக்கோஸை ஆக்சிஜனேற்றி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும்; இது சுமார் 0.6 வோல்ட்டில் எலக்ட்ரான்களை இழக்கும். திசுவில் குளுக்கோஸைவிட ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதே வடிவமைப்பின் மையச் சிக்கல். அதனால் வெளியே பூசப்படும் பாலியூரித்தேன் சவ்வு குளுக்கோஸின் வரவை மட்டுப்படுத்துகிறது. பாரசிட்டமாலும் அதே மின்னழுத்தத்தில் ஆக்சிஜனேறிப் பொய்யளவு காட்டக்கூடும். அதைத் தடுக்க உள்சவ்வு தேவை. நொதி மின்முனைக் கருத்தை 1962இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் முன்வைத்தனர். பதித்த முனையைச் சுற்றி உடல் வளர்க்கும் நார்த்திசு, அதன் ஆயுளைக் குறைக்கிறது.