ஒரு தரம், ரெண்டு தரம்... தங்கவயல் பங்களா கடிகாரம்

வெளிநாட்டில் கொஞ்சம் காலூன்றியதும் நம் தங்கவயல்காரர்கள் பலருக்கு ஓர் ஆசை வருகிறது. சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம், காலை நீட்டி வைக்கிற மாதிரி நீளக் கைப்பிடி உள்ள பிரம்பு நாற்காலி, இப்படி அந்தக் கால பங்களா சாமான் ஒன்றாவது வீட்டில் இருக்க வேண்டும் என்று. ஏலத்தில் இவற்றுக்கு "கொலோனியல்" என்று ஒரு பெயர். அந்தப் பெயருக்கே தனி விலை! அந்த விலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

1880ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி கோலாருக்கு வந்தது. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் வளர்ந்தன. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கம் தெரிந்த வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து நம் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு பங்களா, இவர்களுக்கு மூங்கில் தட்டி வீடு. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கி.மீ. கம்பி இழுத்து மின்சாரம் வந்தது. பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்ததே 1905ல்தான்! "குட்டி இங்கிலாந்து" என்று சும்மா சொல்லவில்லை.

பங்களா ஹாலில் கடிகாரம் இருந்தது. லைன் வீட்டில் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் ஷிஃப்ட், மறுபடி ஊதினால் வீடு. அதனால்தான் அந்தக் கடிகாரத்தின் மேல் நமக்கு இவ்வளவு ஆசையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தாத்தா வெளியே நின்று பார்த்ததை பேரன் காசு கொடுத்து வாங்குகிறான்.

1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962ல் மத்திய அரசிடம் போனது. 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001ல் மூடியே விட்டார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாமானை மொத்தமாக ஏலம் விட்டுப் போவது இந்தியா முழுக்க இருந்த வழக்கம். பெரிய ஊர்களில் இதற்கென்றே ஏலக் கம்பெனிகள் வளர்ந்தன. மெட்ராஸில் 1927ல் தொடங்கிய மர்ரே அண்ட் கம்பெனி, கல்கத்தாவில் 1940ல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் இரண்டும் ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்குப் பேர் போனவை.

இனி விலை விஷயம். பாங்கில் நகை ஏலம் விடுவோம். அங்கே எடை இருக்கிறது, மாற்று இருக்கிறது, அன்றைய ரேட் இருக்கிறது. அசலும் வட்டியும் செலவும் போக மீதி கடன்காரருக்கு. கடிகாரத்துக்கு உரைகல் கிடையாது. அது யாருடையது, யார் செய்தது என்ற கதைக்குத்தான் பாதி விலை.

அந்தக் கதையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். டயலில் "பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்" என்று இருந்தால் மவுண்ட் ரோடு கடை விற்றது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் மெஷின் வேறு நாட்டில் செய்ததாக இருக்கலாம். பின்தகட்டைப் பார்த்தால் செய்தவர் முத்திரை தெரியும். பெட்டியின் பின்பலகையில் காரணமில்லாத ஓட்டைகள் இருந்தால் ஒரு கடிகாரத்தின் மெஷினை இன்னொரு பெட்டியில் மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. மேஜை என்றால் டிராயரை வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். கையால் அறுத்த பல் இணைப்பு ஒன்றுபோல் இருக்காது. தலையில் பிளஸ் குறி போட்ட ஸ்க்ரூ இருந்தால் அது விக்டோரியா காலத்து ஸ்க்ரூ அல்ல :-)

இன்னொன்று. "பிரிட்டிஷ் ஃபர்னிச்சர்" என்று விற்பதில் பெரும்பகுதி நம் ஊர்த் தேக்கிலும் ஈட்டியிலும் நம் ஆசாரிகள் இழைத்தது. மாதிரி மட்டும் அங்கிருந்து வந்தது. உட்கார்ந்த துரையின் பெயர் சீட்டில் இருக்கும், செய்த ஆசாரியின் பெயர் எங்கேயும் இருக்காது.

பி.காம். படித்தவர்களுக்கு 1930ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், 64வது பிரிவு ஞாபகம் இருக்கலாம். சுத்தியல் விழும்வரை கேட்ட விலையை வாபஸ் வாங்கலாம். விழுந்தபின் முடியாது. விற்பவர் தானே ஆள் வைத்து விலை ஏற்றினால், அந்த உரிமையை முன்கூட்டியே அறிவித்திருந்தாலொழிய, வாங்கியவர் அதை மோசடி என்று தள்ளிவிடலாம். ஆனால் ஏலங்களில் வழக்கமான நிபந்தனை "இருக்கும் நிலையில், இருக்கும் இடத்தில்" என்பது. எனவே பார்வை நாளிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும். சுத்தியல் விலைக்கு மேல் கமிஷனும் வரியும் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு அதைவிட முக்கியம் 1972ம் வருட தொல்பொருள் சட்டம். 100 வருடத்துக்குக் குறையாத கலை, கைவினைப் பொருட்கள் தொல்பொருள் கணக்கில் வரும். தனியார் அவற்றை இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை ஜெயில். சந்தேகம் என்றால் தொல்லியல் துறையிடம் "இது தொல்பொருள் அல்ல" என்று சான்றிதழ் வாங்க வேண்டும். இந்தக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். 1930ல் செய்த கடிகாரம் 2030ல் கோட்டைத் தாண்டிவிடும். ஈட்டி மரச் சாமான் என்றால் 2017 முதல் சர்வதேச வன உயிரின ஒப்பந்தத்தின் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. கண்டெய்னரில் போட்டு அனுப்பலாம் என்று ஏலத்தில் கை தூக்குவதற்கு முன் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

ஏலம் தங்கவயலை இன்னும் விட்டபாடில்லை. மூடிய சுரங்கத்துக்கு குளோபல் டெண்டர் விடலாம் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024ல் 13 சயனைடு மண் குவியல்களில் மிச்சத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கிட்டத்தட்ட ஆயிரம் ஏக்கர். நாற்காலியில் ஆரம்பித்து மண்மேடு வரை வந்துவிட்டது.

ஏலத்தில் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அதற்கு முன் ராபர்ட்சன்பேட்டையிலோ மாரிக்குப்பத்திலோ உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். தாத்தாவின் சுரங்கத் தொப்பி, சம்பளச் சீட்டு, ரிடையர் ஆனபோது கொடுத்த கைக்கடிகாரம், ஏதாவது இருக்கும். அது யாருடையது, எந்தச் சுரங்கம், எந்த வருடம், எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கி, போட்டோவோடு பத்திரப்படுத்துங்கள். ஏலக்காரர்கள் இதற்குத்தான் பெரிய விலை வைக்கிறார்கள். அந்த விவரம் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக அவர்களைக் கேட்டுவிடுங்கள்.